காலில் சுடலாமா? வேட்டையில் இஹ்ஸான் பற்றி ஒரு பாடம்



சில நாட்களுக்கு முன் புக்கிட் பெருந்துங்கில் நம் கடைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு தம்பி, பணம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்து விடுமுறைக்கு ஊர் வந்தவர். "மாமா, ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

"அங்கே உரிமம் எடுத்து மான் சுடுகிறார்கள். நானும் சிநேகிதர்களோடு போவதுண்டு. எங்களில் ஒருவர், மார்பில் சுட்டால் நாம் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும், அறுக்க முடியாது, ஆகையால் காலில் சுடு, விழுந்தவுடன் ஓடிப்போய் அறுத்துக்கொள்ளலாம், அதுதான் ஹலால் என்கிறார். இது சரிதானா?"

நான் மத்ரஸாவில் ஓதியவன், பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்போடு நின்றவன். பத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கேள்வி என் நெஞ்சைக் குத்திற்று. காரணம், இதே வார்த்தையைச் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதன் முடிவையும் கண்டிருக்கிறேன். ஆகவே கிதாபு தெரிந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து விசாரித்தும், வேட்டை தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக.

சிறு வயதில் கண்டது

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் அத்தா சாமான் கடை வைத்திருந்தார்கள். தோட்டத்துக்கு அப்பால் காடு. உரிமத் துப்பாக்கி உள்ள ஒருவர் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கிஜாங் வேட்டைக்குப் போவார். கிஜாங் என்பது நம் ஊரில் கேளை மான் என்று சொல்வார்களே, நாய் குரைப்பது போலக் கத்தும் சிறு மான், அதுதான். "காலில் அடித்தால் ஓடாது, பாய் வந்து கத்தி வைக்கலாம்" என்று சொல்லி அன்று அவர் காலைப் பார்த்துச் சுட்டார்.

மானோ ஓடிற்று. ஒரு முன்னங்கால் தொங்க, மூன்று காலால் ஓடி லாலான் புல்லுக்குள் மறைந்தது. இருட்டும்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால் வெட்டப் போனவர்கள் அது ஓடைத் தண்ணீரில் செத்துக் கிடப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். அந்த இறைச்சி யாருக்கும் ஆகவில்லை.

அன்று அத்தா கடை வாசலில் நின்று சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "இறைச்சி போனது நஷ்டமில்லை. ரெண்டு ராத்திரி அது ஒடிஞ்ச காலோட கெடந்துச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

மார்க்கம் கொடுத்த அனுமதியும் அதன் எல்லையும்

வேட்டை நம் மார்க்கத்தில் ஆகுமானது. திருக்குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம், பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ண அனுமதிக்கிறது. அதே அத்தியாயத்தின் 94 முதல் 96 வரையிலான வசனங்கள் இஹ்ராம் கட்டியவருக்குத் தரைவேட்டையைத் தடுக்கின்றன. கைக்கும் ஈட்டிக்கும் எட்டுகிற வேட்டையைக் கொண்டே அல்லாஹ் முஃமின்களைச் சோதிப்பான் என்ற கருத்தும் அங்கே வருகிறது. நன்றாகக் கவனியுங்கள்: பிராணி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பதே மனிதனுக்கு ஒரு சோதனை.

வீட்டு ஆடு மாடுகளும், பண்ணையில் அடைத்து வளர்க்கும் மானும் நம் பிடியில் இருப்பவை. அவற்றைத் தொண்டையில் அறுத்தே தீர வேண்டும். சுட்டுத் தின்ன முடியாது. பிடிக்க முடியாத காட்டுப் பிராணிக்கு மட்டுமே, உடம்பில் எங்கே காயம் பட்டு இறந்தாலும் அதுவே அறுப்பாகக் கணக்கிடப்படும் என்ற சலுகை உண்டு. இந்தச் சலுகைக்குச் சில நிபந்தனைகள் உள்ளன.

முதலாவது, ஆயுதத்தை விடுகிறவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருக்கவேண்டும். தோட்டப்புறங்களில் பல இனத்தாரும் கூடி வேட்டைக்குப் போன வழக்கம் உண்டு. சிநேகிதம் நல்லதே; ஆனால் வேதக்காரரல்லாத சிநேகிதரின் குண்டுபட்டு இறந்தது நமக்கு ஆகாது. உறுதியான உயிரோடு கிடைத்து முஸ்லிம் அறுத்தால் ஆகும்.

இரண்டாவது, பிஸ்மில்லாஹ். ஹனபி மத்ஹபில் ஆயுதத்தை விடும்போது அதைச் சொல்வது கட்டாயம். மறதியால் விட்டால் மன்னிப்புண்டு. ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்து. எதுவானாலும் விசையை இழுக்குமுன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுகிறவன், அவன் பெயரால் எப்படிப்பட்ட காரியத்தைச் செய்யப்போகிறோம் என்று ஒரு வினாடி நினைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஆயுதம் துளைத்துக் காயப்படுத்த வேண்டும். அடித்து நசுக்கிக் கொல்லக்கூடாது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக் கோலைப் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம் என்றும், பக்கவாட்டில் பட்டுக் கொன்றது அடிபட்டுச் செத்ததாகும், அதை உண்ணலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் உண்டு. அம்புபட்ட பிராணி தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தால் உண்ணக்கூடாது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டதே. கொன்றது அம்பா, தண்ணீரா என்பது நமக்குத் தெரியாதல்லவா? ஓடையில் கிடந்த அந்தக் கேளை மான் யாருக்கும் ஆகாமல் போனதன் காரணம் இப்போது விளங்கும்.

இஹ்ஸான் என்னும் கட்டளை

மேற்சொன்னவை இறைச்சி ஆகுமா ஆகாதா என்பதைப் பற்றியவை. நம்மில் பலர் அத்தோடு நின்றுவிடுகிறோம். பிராணிக்கும் நம்மேல் ஒரு ஹக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை, அதாவது அழகுறச் செய்வதை, அல்லாஹ் விதித்திருக்கிறான். கொல்ல நேர்ந்தாலும் அதை நல்ல முறையில் செய்யவேண்டும். அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்குச் சுகமளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகும் குறியாக ஆக்கியவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

கத்தியைத் தீட்டு என்பதன் உட்பொருள் என்ன? நீ செய்யப்போகும் காரியம் சீக்கிரம் முடியவேண்டும், நோவு குறையவேண்டும் என்பதே. துப்பாக்கிக்காரனுக்குக் கத்தி தீட்டுவது என்றால் குறி பழகுவது. குறி தெரியாமல் காட்டுக்குப் போகிறவன் மொட்டைக் கத்தியோடு குர்பானிக்குப் போகிறவனுக்குச் சமம்.

எங்கே சுடவேண்டும்?

வேட்டை தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் ஒன்றையே சொல்கிறார்கள்: நெஞ்சுக்கூட்டில். இருதயமும் இரண்டு நுரையீரலும் அங்கேதான் இருக்கின்றன. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்னோரத்தை ஒட்டி மேலே போய், நெஞ்சின் உயரத்தை மூன்று பங்காக்கி, கீழிருந்து முதற்பங்கு முடியும் இடத்தில் குறி வைக்கவேண்டும். குண்டு சற்று மேலே போனாலும் நுரையீரல், சற்றுக் கீழே போனாலும் இருதயம். ருசா என்னும் மிளாவுக்கு இந்த இடம் சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். கிஜாங்குக்கு உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது.

அங்கே பட்டால் இரத்த ஓட்டம் அறுந்து, மூளைக்கு இரத்தம் போகாமல், சில வினாடிகளில் பிராணி நினைவிழக்கும். இருதயத்தில் பட்ட மான்கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடி விழுவதுண்டு. அது கடைசி ஓட்டம். அதைக் கண்டு குறி தப்பிவிட்டது என்று பதறி மறுபடி மறுபடி சுடுகிறவர்கள் உண்டு.

விட்டுவிட வேண்டிய குறிகளும் உள்ளன.

தலை: மூளை சிறியது, தலையோ ஓயாமல் அசைவது. இரண்டு அங்குலம் தப்பினால் தாடை உடையும். தாடை உடைந்த மான் ஓடிவிடும். பிறகு மேய முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

கழுத்து: முதுகெலும்பில் பட்டால் விழும். அது மெல்லியது, தப்பினால் சதையைக் கிழித்துக்கொண்டு குண்டு போய்விடும்.

வயிறு: இதுவே மிகக் கொடியது. குடல் கிழிந்த மான் பல மணி நேரம் துடித்துச் சாகும். சாணம் பட்டு இறைச்சியும் கெடும்.

பின்பக்கம்: ஓடுகிற மானைப் பின்னாலிருந்து சுட்டால் தொடையும் குடலும்தான் கிழியும். ஆகையால் ஓடுகிற மானுக்குத் துப்பாக்கி தூக்காதே என்பது பழைய வேட்டைக்காரர்களின் வார்த்தை.

நேர் எதிர்: நம்மைப் பார்த்து நிற்கும் மானின் நெஞ்சு ஒடுங்கித் தெரியும், அது நம்மைக் கண்டும்விட்டது, எந்த வினாடியிலும் துள்ளும். அது திரும்புமட்டும் காத்திருக்க வேண்டும். நம்மை விட்டுச் சற்றுச் சாய்ந்து விலகி நின்றால், அப்புறத்து முன்னங்காலை மனத்தில் வைத்துக் குண்டு அதை நோக்கி நெஞ்சைக் கடக்கும்படி சுடலாம்.

தூரமும் துப்பாக்கியும்

நம் நாட்டில் வேட்டைக்காரர் வழக்கமாக வைத்திருந்தது 12 போர்த் தோட்டாத் துப்பாக்கி. அதில் மானுக்குப் போடும் பெரிய ரவைத் தோட்டா ஒன்றில் சாதாரணமாக 9 ரவைகள்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் கனம். தூரம் கூடக் கூட ரவைகள் விரிந்துகொண்டே போகும். 30 மீட்டருக்குள் நெஞ்சில் கூட்டமாய்ப் படுகிறவை, அதைத் தாண்டினால் ஒன்று வயிற்றிலும் ஒன்று காலிலும் ஒன்று மரத்திலுமாகப் படும். "எட்டினால் எட்டட்டும்" என்று தூரத்திலிருந்து விடும் தோட்டா மானைக் கொல்வதில்லை, புண்ணாக்கி அனுப்புகிறது.

மற்ற நாட்டார் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1860-களில் கொண்டுபோய் விடப்பட்ட மிளா இப்போது பெருகி நிற்கிறது. அங்கே மிளாவைச் சுட துப்பாக்கி .270 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குண்டு 130 கிரேனுக்குக் குறையக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். சிறு குண்டு பெரிய மானைக் கொல்லாமல் வதைக்கும் என்பதே காரணம். நார்வேயிலோ பெரிய பிராணி வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் குறி பார்க்கும் பரீட்சையில் தேறவேண்டும். இஹ்ஸான் நமக்குக் கட்டளையாக வந்தது. அவர்கள் சட்டம் போட்டுச் செய்வதை, கட்டளை பெற்ற நாம் செய்யாமலிருந்தால் வெட்கம் அல்லவா?

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். சின்ன .22 ரவைகூட ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போய் ஆளைக் கொல்லும். இரவில் விளக்கடித்து, மின்னுகிற கண்ணைப் பார்த்துச் சுடுகிறவர்கள் உண்டு. கண் தெரிகிறதே தவிர உடம்பு எந்தப் பக்கம் நிற்கிறது, நெஞ்சு எங்கே, வயிறு எங்கே என்பது தெரியாது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நம் தோட்டங்களில் விடியுமுன்னே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். மரங்களுக்கிடையே தூரத்தில் அசையும் வெளிச்சம் மானின் கண்ணா, ஒரு பெண்பிள்ளையின் நெற்றி விளக்கா? இதில் ஒரு தடவை பிழைத்தால் ஆயுளுக்கும் ஆறாது.

சுட்ட பிறகு

சுட்டதும் மான் நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக் கவனிக்கவேண்டும். அங்கே போய் இரத்தத்தைப் பார்த்தால் காரியம் தெரியும். வெளிர்ச் சிவப்பாய் நுரை கட்டியிருந்தால் நுரையீரல். மான் அருகிலேயே கிடக்கும், உடனே போகலாம். கருஞ்சிவப்பானால் ஈரல். பச்சையாகத் தழைச் சாறு கலந்து நாற்றம் வந்தால் வயிறு. வயிற்றில் பட்டதை உடனே விரட்டினால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துவிடும், ஆகையால் சில மணி நேரம் பொறுத்துப் போ என்பது வேட்டைக்காரர் அனுபவம்.

இங்கேதான் ஒரு நுட்பம் வருகிறது. ஷரீஅத்தோ, வேட்டையாடியவன் தாமதியாமல் பின்தொடர வேண்டும், உயிரோடு அடைந்தால் அறுக்கவேண்டும், அறுக்க நேரமிருந்தும் கத்தி கொண்டுவராத அசட்டையால் அது இறந்தால் ஆகாது என்கிறது. வேட்டை அனுபவமோ வயிற்றில் பட்டதை விரட்டாதே என்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு எப்போது வந்தது? குறி தவறியபோதுதான். குறி நெஞ்சில் பட்டிருந்தால் உடனே போகலாம். மார்க்கமும் அனுபவமும் ஒரே வழியைக் காட்டுகின்றன.

காயம்பட்டுக் கண்ணுக்கு மறைந்து பின்பு செத்துக் கிடைத்ததைப் பற்றி ஷாபிஈ மத்ஹபிலேயே இரண்டு சொல் உண்டு. மலைச்சரிவில் உருண்டு விழுந்து செத்ததிலும் சந்தேகம் உண்டு. விழுந்து செத்தது ஆகாதவற்றில் ஒன்றாக அல்மாயிதாவின் 3-ஆம் வசனத்தில் எண்ணப்பட்டிருக்கிறது. இந்தச் சந்தேகங்களெல்லாம் கெட்ட குறியின் பிள்ளைகள்.

குண்டுபட்டுச் செத்தது ஆகுமா?

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். காலில் சுடு என்றவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வார்த்தைக்குப் பின்னால் ஒரு மெய்யான கருத்து வேறுபாடு இருக்கிறது.

முற்காலத்தில் களிமண் உருண்டையால் பறவை அடிப்பார்கள். அது துளைக்காது, எடையால் அடித்துக் கொல்லும். ஆகையால் அதனால் செத்தது ஆகாது என்று இமாம்கள் சொன்னார்கள். பின்னாளில் வெடிமருந்துத் துப்பாக்கி வந்தபோது ஈயக் குண்டும் அதைப் போன்றதே, வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது என்று பலர் தீர்ப்பளித்தார்கள். டமாஸ்கஸ் நகரின் ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) அவர்கள் அவ்வாறே எழுதினார்கள். ஷாபிஈ மத்ஹபின் பிற்கால அறிஞர் பலரும் அக்கருத்தினரே. மறுபுறம் யமன் தேசத்து ஷவ்கானி (மறைவு 1834) அவர்கள், குண்டு உடலைத் துளைத்து உட்புகுந்து கொல்கிறது, அம்பின் முனையைப் போன்றதே, ஆகையால் ஆகும் என்றார்கள். இக்காலத்து அறிஞர்களில் பலர் இதையே ஏற்றிருக்கிறார்கள்.

இரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதைத் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரன் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டான். ஆனால் எந்தக் கருத்தை எடுத்தாலும் காலில் சுட வழியில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது கருத்தைப் பின்பற்றுகிறவருக்குக் கேள்வியே இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி நெஞ்சில் சுட்டால் போதும். உயிர் மிச்சமிருந்தால் அறுக்கிறார், இல்லாவிட்டாலும் ஆகும். அவர் காலில் சுடுவானேன்?

முதற்கருத்தைப் பின்பற்றுகிறவர் என்ன சொல்கிறார்? குண்டால் செத்தால் எனக்கு ஆகாது, ஆகையால் உயிரோடு வேண்டும் என்கிறார். அதற்கு வேண்டியது உறுதியான உயிர். கடைசித் துடிப்பில் கத்தி வைப்பது பயனில்லை. அப்படியானால் நீண்ட நேரம் சாகாத ஒரு காயத்தை அவர் தெரிந்தே தேடிப் போடுகிறார். மெலிந்து, ஓயாமல் அசையும் காலில் குறி படுவதே அரிது. பட்டாலும் மான் மூன்று காலில் ஓடும். அகப்பட்டால் அவருக்கு இறைச்சி. அகப்படாவிட்டால் மானுக்கு இரண்டு ராத்திரி. கால் அறுந்தே விழுந்துவிட்டால், உயிரோடிருக்கும் பிராணியிலிருந்து துண்டிக்கப்பட்டது செத்ததற்குச் சமம் என்ற ஹதீஸின்படி அந்தக் காலும் ஆகாது.

இதற்கு ஒரு மறுப்புண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள், பெரும்பாலும் கொல்லாமல் விழச்செய்யும் உருண்டையால் பெரிய பறவையை அடித்து, உயிரோடு பிடித்து அறுப்பதை அனுமதித்திருக்கிறார்களே என்று ஒரு மௌலவி எனக்கு எடுத்துக் காட்டினார்கள். நான் பணிவோடு கேட்டேன்: "ஹஜ்ரத், களிமண் உருண்டை பறவையை மயக்கி விழச்செய்யும், தோட்டா எலும்பை நொறுக்குமே, இரண்டும் ஒன்றா?" அவர்கள் சற்று யோசித்து, "இல்லை. கொல்லாது என்று நம்பக்கூடிய ஆயுதத்துக்குச் சொன்னது அது. துப்பாக்கியை அதில் சேர்க்க முடியாது. வதை செய்து ஹலால் தேட வேண்டாம்" என்றார்கள்.

ஆகவே முதற்கருத்தில் உறுதியாக இருக்கிற சகோதரர் செய்யவேண்டியது என்ன? அவருக்குத் துப்பாக்கி இறைச்சி தேடும் ஆயுதமல்ல என்று ஒப்புக்கொள்வதே. மான் கறி வேண்டுமானால் உரிமம் பெற்ற பண்ணையில் வளர்ந்ததை அறுத்து வாங்கட்டும். பயிரைக் காக்கவோ வேறு அவசியத்துக்கோ சுடவேண்டி வந்தால் நெஞ்சில் சுட்டு, ஓடிப்போய், உறுதியான உயிர் இருந்தால் அறுக்கட்டும். இல்லாவிட்டால் உண்ணாமல் விடட்டும். பேணுதல் என்பது நாம் ஒன்றை இழந்து செய்வது. நம் பேணுதலுக்கு விலையாக மானின் காலைக் கொடுப்பது பேணுதலாகாது.

நம் நாட்டுச் சட்டம்

இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி தேடிக் காட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. மலேசியாவில் மான் வேட்டை நம் இஷ்டமல்ல. 2009-ஆம் ஆண்டு தொடங்கி, தீபகற்பத்தில் மிளாவுக்கும் கிஜாங்குக்கும் வேட்டை உரிமம் கொடுப்பதை வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் நிறுத்திவைத்தது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமின்றிப் பிடிப்பது, சுடுவது, இறைச்சி வைத்திருப்பது எல்லாவற்றையும் குற்றமாக்கியது. 2022-இல் அதன் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. கண்ணி வைப்பதும் குற்றமே. துப்பாக்கிக்கோ 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஊர் போகிறவர்களும் கவனிக்கவேண்டும். அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்திருக்கிறது.

காரணமும் நியாயமானதே. மான் குறைந்தால் புலிக்கு உணவில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி 150-க்கும் குறைவென்று தெரிந்தது. பெண் மிளா ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். பெட்டையைச் சுட்டால் புதரில் படுத்திருக்கும் குட்டியும் பசியால் சாகும். ஒரு குண்டில் இரண்டு உயிர்.

ஆகையால் சந்தைக்குப் பின்னாலிருந்து "பாய், காட்டு மான் கறி இருக்கு, வேணுமா?" என்று யாராவது பையில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். எப்படிப் பிடித்தார்கள், யார் சுட்டார்கள், பெயர் சொன்னார்களா, கண்ணியில் செத்ததா, ஒன்றும் தெரியாது. நாட்டுச் சட்டத்துக்கும் குற்றம்; மார்க்கத்திலும் சந்தேகம். விலை மலிவாயிருந்தாலும் நம் அடுப்புக்கு அது வேண்டாம்.

துப்பாக்கி இல்லாதவருக்கு

"எனக்குத் துப்பாக்கியும் இல்லை, வேட்டையும் இல்லை, இந்தப் பாடம் எனக்கெதற்கு?" என்று கேட்கலாம். சகோதரரே, குர்பானிக்கு வருஷந்தோறும் கத்தி எடுக்கிறோமே! முந்தின ஆண்டு துடைத்து வைத்த கத்தியைத் தீட்டாமல் கொண்டுவருவது, ஒரு ஆட்டின் முன்னே மற்ற ஆட்டை அறுப்பது, உயிர் அடங்குமுன் தோலுரிக்கத் தொடங்குவது இவையெல்லாம் நம் கண்முன்னே நடப்பவை. மானின் காலில் சுடுகிறவனைக் குறை சொல்லும் வாய், நம் கையிலுள்ள கத்தியின் கூரையும் பார்க்கவேண்டும்.

மனத்தில் வைக்க வேண்டியவை

1. வேட்டை அனுமதி, வதை ஹராம்.
2. பிஸ்மில்லாஹ் சொல்லி, நெஞ்சில் குறி வைக்கவேண்டும். கால், தலை, வயிறு, பின்பக்கம் வேண்டாம்.
3. தூரம், வெளிச்சம், பின்னால் ஆள் இருக்கிறதா என்பது நிச்சயமில்லாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். சுடாமல் திரும்புவதில் வெட்கமில்லை.
4. தாமதியாமல் தேடவேண்டும், தீட்டிய கத்தி இடுப்பில் இருக்கவேண்டும்.
5. குண்டால் செத்தது பற்றித் தம் ஆலிமின் சொல்லைப் பின்பற்றவேண்டும். அதைக் காட்டி மானை முடமாக்கக் கூடாது.
6. நாட்டுச் சட்டம் தடுத்ததைத் தொடக்கூடாது.

அந்தத் தம்பி விடுமுறை முடிந்து புறப்படுமுன் கடைக்கு வந்தார். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ சில நாள் வெறுங்கையோட வரவேண்டியிருக்கும், மாமா" என்றார். "வாருங்கள் தம்பி, வெறுங்கைக்கு மறுமையில் கணக்கில்லை" என்றேன்.

வாயில்லாத உயிர்களின் ஹக்கில் நாம் பிடிபடாமல், கொடுத்த அனுமதியை அதன் எல்லையோடு பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.